உப்பும் உத்தரவும்

பூலாம்பாடியில் எங்களுக்குக் கைக்கெட்டிய சரித்திரம் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல், வாலிகண்டபுரம் சண்டையின்போது, அதன் கில்லேதார் சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் நடுவில் நின்று, யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பொறுமையிழந்த இங்கிலீஷ்காரர்கள் பேட்டையைப் பிடித்தார்கள், கோட்டை விழவில்லை. பிறகு பிரெஞ்சுப் படை வந்தபோது வெள்ளைச் சிப்பாய்கள் மிரண்டு ஓடினார்கள். கிளைவ் உள்பட அதிகாரிகள் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. கம்பெனியின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்தான் நின்று, விழுந்தவர்களைத் தூக்கிவந்தார்கள் என்று ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். கில்லேதாரைச் சந்தர்ப்பவாதி என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது கீழ்ப்படிவது ஒருவகை ஊகம்தான்.

சென்னைக் கோட்டையிலும் இந்த ஊகம் தீரவில்லை. 1776 ஆகஸ்டில், கவுன்சில் பெரும்பான்மையின் சொல்லைக் கேட்டு, கர்னல் ஸ்டூவர்ட் கவர்னர் பிகட்டையே கைது செய்தார். மறு வருஷம் காவலிலேயே பிகட் இறந்தார்.

1806 வேலூர் நமக்கு மனப்பாடம். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி பற்றிய உத்தரவுகள். ஜூலை 10 விடியற்காலை. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பி. அகப்பட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு சிலரைப் பீரங்கி வாயில் கட்டினார்கள். உத்தரவு போட்ட தளபதி கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டதோடு சரி.

மூன்றே வருஷத்தில் அதே மதராஸ் சைன்யத்தில் இன்னொரு கலகம் நடந்தது. செய்தவர்கள் வெள்ளை அதிகாரிகள். நம் சரித்திராசிரியர்கள் இதைச் சீந்துவதே இல்லை. தியாகிகள் கிடைக்காத கலகம் என்பதால் இருக்கலாம். விஷயம் கூடாரக் கணக்கு. கூடாரங்களைப் பராமரிக்க அதிகாரிகளுக்குச் சண்டைக் காலத்திலும் சமாதானக் காலத்திலும் ஒரே படி கிடைத்துவந்தது. மிச்சம் அவர்கள் பைக்குப் போகும். அதை ரத்து செய்தார்கள். ரத்துக்குக் காரணமான அறிக்கையை எழுதிய கர்னல் மன்றோவைத் தளபதி மக்டவல் சிறைவைத்தார், அரசாங்கம் விடுவித்தது. மக்டவல் மன்றோவைக் கண்டிக்கும் உத்தரவு ஒன்றை விட்டுவிட்டுக் கப்பலேறினார். (அந்தக் கப்பல் ஊர்போய்ச் சேரவில்லை.) அதை வெளியிட்ட அதிகாரிகளைக் கவர்னர் பார்லோ இடைநீக்கம் செய்தார். மசூலிப்பட்டணம், ஹைதராபாத், ஸ்ரீரங்கப்பட்டணம் எல்லாம் கொதித்தன.

பார்லோ பட்டாளத்துக்காரர் அல்ல, சிவிலியன். அவர் செய்த காரியம் விசித்திரமானது. அரசாங்கத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார். பெரும்பாலோர் மறுத்தார்கள். உடனே சுபேதார், ஜமேதார்கள் வழியாகச் சிப்பாய்களிடமே பேசினார்: உங்கள் விசுவாசம் கம்பெனி சர்க்காருக்கு, உங்கள் துரைக்கு அல்ல. மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதே என்று ஓர் அரசாங்கம் சிப்பாயிடம் சொல்கிறது! சிவில் ஆட்சியின் மேலாதிக்கம் மதராஸில் நிலைத்தது இப்படித்தான். பார்லோவின் பக்கம்தான் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். சைன்யம் தன் படிக்காசுக்காக அரசாங்கத்தை மிரட்டுவதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஆனால் அந்தச் செய்தி எல்லாச் சிப்பாயையும் எட்டவில்லை, எட்டிய இடத்திலும் எல்லோரும் நம்பவில்லை. 1809 ஆகஸ்டில் சித்ரதுர்க்கத்திலிருந்து இரண்டு பட்டாளங்கள் தங்கள் அதிகாரிகள் சொன்னபடி ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கி நடந்தன. எதற்கு நடக்கிறோம் என்று அவர்களுக்கு யார் விளக்கியிருப்பார்கள்? கூடாரப் படியில் அவர்களுக்குத் தம்பிடிகூடப் பங்கில்லை. கோட்டைக்கு அருகே மைசூர்க் குதிரைப்படையும் ராஜாவின் டிரகூன்களும் அவர்கள்மேல் பாய்ந்தன. வேலூரில் உத்தரவை மீறியதற்காகச் செத்தார்கள். இங்கே உத்தரவுப்படி நடந்ததற்காக.

செப்டம்பரில் கவர்னர் ஜெனரல் மிண்டோ சென்னைக்கு வந்து பொதுமன்னிப்பு அறிவித்தார். விலக்கப்பட்டவர்கள் இருபத்தொரு அதிகாரிகள். மூவருக்குப் பட்டாள விசாரணை. மற்றவர்கள் விசாரணையோ வேலைநீக்கமோ எதையாவது தேர்ந்துகொள்ளலாம். ஒருவர்கூடப் பீரங்கி வாய்க்குப் போகவில்லை. நீக்கப்பட்டவர்களில் பலர் பிற்பாடு மீண்டும் உத்தியோகத்தில் சேர்ந்தார்கள். பார்லோ 1812இல் திருப்பி அழைக்கப்பட்டார்.