கழிவுத் தேயிலையும் இரண்டு உலோகங்களும்

தேயிலை வரலாறு என்றாலே 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெய்லர் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நாங்கள் இந்தமுறை ஸ்டோரின் பின்கதவால் உள்ளே போகிறோம். அங்கே மூட்டை கட்டிக் கிடக்கிற கழிவுத் தேயிலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் இரண்டு உலோகங்கள் வருகின்றன: ஈயம், செம்பு.

முதலில் ஈயம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஆனது. 1885இல் ரயில் பாதை ஹட்டன், கொட்டகலை எல்லாம் தாண்டி நானுஓயாவைத் தொட்டது. தேயிலை கொழும்புக்கு இறங்கி, லண்டனுக்குக் கப்பல் ஏறியது. வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற தூள் ஈரம் பிடிக்கக் கூடாது, வாசம் போகக் கூடாது. அதனால் மரப்பெட்டிக்கு உள்ளே மெல்லிய ஈயத் தகட்டை வைத்து மூடினார்கள். சீனத் தேயிலைப் பெட்டியில் இருந்து வந்த பழக்கம் அது. பிறகு அலுமினியத் தாள் வந்துதான் ஈயத்தை வெளியே தள்ளியது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் என்பது இன்றைக்குத் தெரிந்த விஷயம்.

அடுத்தது செம்பு. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்தது. இளங்கொழுந்தில் வருகிற பூஞ்சை அது. மழையும் பனிமூட்டமும் விடாத நம்ம மலைகள் அதற்கு ரொம்பத் தோது. பறிக்கிற கொழுந்திலேயே நோய் என்றால் தோட்டத்துக்கு வருமானம் ஏது? செம்பு கலந்த மருந்துதான் கைகொடுத்தது. கொட்டகலைக்குப் பக்கத்தில், தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த நோயோடு பல வருடம் மல்லுக்கட்டியது. மலை மலையாக மருந்து அடித்தவர்கள் நம்ம ஆட்கள். செம்பு உக்கிப்போகிற சாமான் இல்லை. அடித்ததில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடும்.

இப்போது கதை திரும்புகிறது. 2007இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அமரசிங்கவும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கழிவுநீரில் இருந்து செம்பையும் ஈயத்தையும் தேயிலைக் கழிவால் எடுக்க முடியுமா என்பதே கேள்வி. முடிந்தது. ஒரு கிராம் கழிவு அதிகபட்சம் 65 மில்லிகிராம் ஈயத்தையும், செம்பு என்றால் 48 மில்லிகிராமையும் பிடித்தது. அதில் 90 வீதத்துக்கு மேல் முதல் 15, 20 நிமிடத்திலேயே நடந்துவிட்டது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, துருக்கியில் மல்கோச், நுஹோக்லு என்ற இருவர் தேயிலைத் தொழிற்சாலைக் கழிவை வைத்து நிக்கலை எடுக்கலாம் என்று காட்டியிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? நன்றாகக் கழுவிச் சாயம் போக்கிய தேயிலைச் சக்கையில் செலுலோஸ், லிக்னின், டனின் எல்லாம் மிஞ்சும். அவற்றில் இருக்கிற வேதித் தொகுதிகள் நேர்மின்னேற்றமுள்ள உலோக அயன்களைப் பிடித்து வைக்கும். தண்ணீரில் அமிலம் கூடினால் ஹைதரசன் அயன்கள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும், உலோகத்துக்கு இடம் இல்லாமல் போகும். அதனால்தான் பி.எச். 5க்கும் 6க்கும் இடையில் இது நன்றாக வேலை செய்கிறது. இதே வேலைக்கு வாங்குகிற செயற்படுத்திய கரியின் விலையைப் பார்த்தால், கழிவுத் தேயிலை ஏன் முக்கியம் என்று புரியும்.

ஆனால் ‘90 வீதம்’ என்றதும் கைதட்டிவிடக் கூடாது. ஒரு லீட்டரில் 100 மில்லிகிராம் ஈயம் இருந்து, 90 வீதம் போனாலும் 10 மில்லிகிராம் மிஞ்சும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 0.01 மில்லிகிராம். அதைவிட ஆயிரம் மடங்கு! ஆகவே இது ஆலைக் கழிவுநீருக்கான ஒரு படிதான். வீட்டுத் தண்ணீரில் தேயிலைச் சக்கையைப் போட்டு வடிகட்டிக் குடிக்கிற வேலை இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. உலோகம் அழிவதில்லை, தண்ணீரில் இருந்து சக்கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அந்தச் சக்கையை யார் அள்ளுவார்கள், எங்கே கொட்டுவார்கள்? தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையைப் பாருங்கள். குரோமேட் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை போய்விட்டது, குவியலும் கெட்டுப்போன நிலத்தடி நீரும் ஊர்க்காரருக்கு மிஞ்சின. மூடின பிறகு கணக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அது ஒரு பாடம்.

கழிவுத் தேயிலையை வாங்கி விற்கக்கூட இந்த நாட்டில் உரிமம் வேண்டும். அதற்கான தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1957இலேயே வந்தது. கழிவு கலப்படமாகி, குடிக்கிறவர் கோப்பைக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறை அதில் உண்டு. நல்லது. நாளைக்கு இந்தக் கழிவு உலோகம் வடிக்கப் போனால், அதே அக்கறை அதை அள்ளுகிறவர் கைக்கும் வேண்டும். கையுறை, மருத்துவப் பரிசோதனை, சக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாதுகாப்பான இடம், இதெல்லாம் முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

ஈயப்பெட்டி காலத்திலும் செம்பு மருந்துக் காலத்திலும் யாரும் நம்மைக் கேட்கவில்லை. மூன்றாவது முறை அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள, இந்த வேதியியலை நாமே படித்து வைத்திருப்பது நல்லது.