தரையில் அமர்ந்த பிடில்

சில திங்களுக்கு முன் சீன நாட்டுப் பிடில் இசைப்படைப்பு ஒன்றைக் கேட்க நேர்ந்தது. ‘பட்டாம்பூச்சிக் காதலர்’ என்பது அதன் பெயர். மேலை நாட்டார் ‘கான்செர்ட்டோ’ என வழங்கும் வடிவம். ஒரு தனிக்கருவி முன்னின்று இசைக்க, பல்லியம் முழுதும் அதனோடு உரையாடுவது. 1959 மே மாதம் ஷாங்காய் நகரில் யூ லீனா என்னும் இளம்பெண் அதனை முதன்முதலில் வாசித்தார். இயற்றியவர்கள் ஹே சான்ஹாவ், சென் காங் என்னும் இசைக்கல்லூரி மாணவர் இருவர். கேட்டு முடித்தபின் என் மனம் நம் அரியக்குடிக்கே திரும்பியது.

அரியக்குடி என்றதும் வைணவ அன்பர் தென்திருப்பதி எனப் போற்றும் திருவேங்கடமுடையான் கோயிலை நினைப்பர். இசையன்பர் இராமானுஜ ஐயங்காரை (1890–1967) நினைப்பர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளைக் கடந்து, இராகம் தானம் பல்லவி பாடி, துக்கடாக்களில் நிறையும் இன்றைய கச்சேரி முறையை நிலைபெறச் செய்தவர் அவர். அம்மேடையில் பாட்டுக்குத் துணையாகப் பிடில் இருந்தது. பாப்பா வெங்கடராமையா, கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா என அவருக்குப் பக்கம் வாசித்தோர் பலர். அயல்நாட்டில் பிறந்த கருவி அங்கே எவ்வாறு வந்தமர்ந்தது?

அரங்கேற்று காதையை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி, “அம்மா, மாதவி ஆடிய அரங்கில் பிடில் இருந்ததா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. குழலை யாழும், யாழைத் தண்ணுமையும் பின்தொடர்ந்த முறைமையை இளங்கோவடிகள் அங்கே சொல்கிறார். ஒன்றைப் பின்தொடர்ந்து இசைத்தல் நமக்குப் புதிதன்று. யாழ் வழக்கொழிந்து, விபுலானந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூல்’ எழுதி அதனை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, பின்தொடரும் பணிக்குப் பிடில் வந்துவிட்டது.

முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைக் கற்று, பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் விளங்கினார். ஆங்கிலேயர் மெட்டுகள் தீட்சிதர் குடும்பத்தின் செவியிலும் புகுந்தன. முத்துசுவாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சொல்லமைத்த ‘நோட்டுஸ்வர’ உருப்படிகள் ஏறத்தாழ 40 உள்ளன. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார்.

நான் வியப்பது கருவியின் வரவை அன்று. அது ஏற்ற உருமாற்றத்தை. மேலை நாட்டான் நின்றோ நாற்காலியில் இருந்தோ, தாடைக்கும் தோளுக்கும் இடையே அதனை இறுக்கிப் பிடிப்பான். நம்மவர் அதனைத் தரையில் அமர்த்தினர். அடிப்பாகம் மார்பில் சாய, தலைப்பாகம் வலக்கால் மேல் தங்கும். தாங்கும் வேலையினின்று விடுபட்ட இடக்கை தந்தியின் மேல் தடையின்றி வழுக்கி ஓடலாயிற்று. கமகம் பிறக்க வழி பிறந்தது. நான்கு தந்திகளும் சட்சம், பஞ்சமம், மீண்டும் சட்சம், பஞ்சமம் எனச் சுருதி கூட்டப்பட்டன. மரமும் வில்லும் மாறவில்லை. ஆயினும் அதன் பேச்சு மிடற்றிசையின் பேச்சாயிற்று.

சீனர் சென்ற வழி வேறு. அவர்கள் நிற்கும் நிலையை மாற்றவில்லை, பல்லியத்தையும் மாற்றவில்லை. கதையையும் பண்ணையும் உள்ளே கொண்டுவந்தனர். ஆண்வேடம் பூண்டு கல்வி கற்கச் சென்ற சூ யிங்டாய், உடன் பயின்ற லியாங் ஷான்போவைக் காதலிக்கிறாள். அவளை வேறொருவனுக்கு மணம் பேசுகின்றனர், அவன் மடிகிறான், பிளந்த கல்லறைக்குள் அவள் பாய்கிறாள், இருவரும் பட்டாம்பூச்சிகளாய்ப் பறக்கின்றனர். பிடில் அவள் குரல். செல்லோ அவன் குரல். ஹே சான்ஹாவ் செச்சியாங் நாட்டு யுவே இசைநாடகக் குழுவில் வாசித்தவர். ஆகவே அந்நாடகத்தின் அழுகையும், எர்ஹு என்னும் இருதந்திக் கருவியின் இழைவும் பிடிலில் ஏறின. ஐந்து சுரங்களில் இயலும் அதன் முதன்மை மெட்டு, முல்லைப்பண் என ஆய்வாளர் காட்டும் நம் மோகனத்துக்கு உறவினர் போலவே என் செவிக்குப் பட்டது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இப்படைப்பு தடைசெய்யப்பட்டது. பின்னர் மீண்டு வந்து உலகெங்கும் ஒலிக்கிறது.

நம்மவரும் பிற்காலத்தில் பல்லியத்தை நாடினர். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த எல். சுப்பிரமணியம் 1983இல் பிடிலுக்கும் குழலுக்குமாக ஓர் இரட்டைக் கான்செர்ட்டோ இயற்றினார். 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பல்லியத்தோடு வேத ஒலிகளை அடிப்படையாகக் கொண்ட படைப்பை வாசித்தார். இங்கே ஓர் இடர் உண்டு. தனிப்பிடில் கமகத்தில் நெளியும். எழுதியதை எழுதியவாறு வாசிக்கும் பல்லியமோ சுரங்களில் நேராக நிற்கும். இவ்விரண்டும் முற்றிலும் ஒன்றிய இடங்கள் குறைவு என்பது என் கருத்து. சீனருக்குக் கதை பாலமாயிற்று. நம்மிடம் கதைக்குப் பஞ்சமா? கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் அதை நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கடல் கடந்து வந்த கருவியை அரவணைத்த மேடை, இம்மண்ணின் மொழிப்பாட்டுக்குத் தயங்கி நின்றது. கானாடுகாத்தான் அண்ணாமலை அரசர் 1941இல் தமிழிசை மாநாடு கூட்டவும், 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழவும் வேண்டியிருந்தது. துக்கடாவாகவே தமிழ் வைக்கப்பட்டதில் நம் முன்னோர் கொண்ட மனக்குறை நியாயமானதே. அக்கச்சேரி முறைக்கு உருக்கொடுத்தவர் நம் ஊரார் என்பதால் அதை நான் மென்று விழுங்க இயலாது.

ஆயினும் அவரே அருணாசலக் கவிராயரின் இராமநாடகப் பாடல்களுக்குப் புதிதாய் மெட்டமைத்தார். ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் இராகம் வகுத்தார். முதல் ஐந்து பாசுரங்களையும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ எனக் கனராகங்கள் ஐந்தில் நிறுத்தினார். மார்கழி மேடைகளில் அம்மெட்டுகள் இன்றும் பாடப்பெறுகின்றன. பாடுவோர் ஆண்டாளின் சொல்லில் எங்கே மூச்சு நிறுத்துகின்றனரோ, அங்கே பிடிலின் வில்லும் நிற்கிறது.