ஒட்டிய சாயமும் ஒட்டாத சாயமும்

பிளாஸ்டிக் பொம்மை ஒன்றில் அக்ரிலிக் வண்ணம் பூசிப் பார்த்திருக்கிறீர்களா? ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கழுவினாலே அது போய்விடும். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. நீரில் மிதந்த நுண்ணிய பிசின் துகள்கள், நீர் ஆவியானதும் ஒன்றாக இணைந்து மெல்லிய ஏடாகிவிடுவதே காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் ஏடு இளகி உரிந்து வரும். அவசரப்பட்டு அசிட்டோனைத் தடவினாலோ, வண்ணத்தோடு பாலிஸ்டைரீன் பொம்மையும் கரைந்துவிடும். நிறம் போக வேண்டும். அதைத் தாங்கும் பொருள் கெடக் கூடாது. இந்தப் பாடத்தை மிகப் பெரிய அளவில் கற்க நேர்ந்த ஊர் நமது திருப்பூர்.

அந்த வரலாற்றைக் காணுமுன், சாயத்தின் கதையைச் சிறிது பார்ப்போம். 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது ஆங்கிலேய மாணவர், மருந்து செய்யப்போய் ஊதா நிறச் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன்பின் நூற்றுக்கணக்கான சாயங்கள் பிறந்தன. ஆனால் பருத்தியில் பளிச்சென்ற நிறத்தை, வெளுக்காமல், எளிதாக ஏற்றுவது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. 1954-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீஃபன் என்ற இருவர் இதற்கு வழி கண்டனர். காரக் கரைசலில், பருத்தியின் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பு கொள்ளும் சாயத்தை அவர்கள் உருவாக்கினர். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. இதுவே வினைச்சாயம். இது பொம்மையின் வண்ணம்போல மேலே படிவதில்லை. இழையின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது.

அப்படியானால் தவறான நிறம் ஏறிவிட்ட துணியை என்ன செய்வது? சாயப்பட்டறைகளில் 'ஹைட்ரோஸ்' என்று சொல்லப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் காரத்துடன் கலந்து, சூடான நீரில் துணியை இடுவார்கள். பல சாயங்களின் நிறத்துக்குக் காரணம், அவற்றின் மூலக்கூற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் இரட்டைப் பிணைப்பு. ஹைட்ரோஸ் அதை உடைத்ததும் நிறம் மறைகிறது. துணி மறுபடி சாயமேற்றத் தயாராகிறது.

துணியின் நிறத்தை இவ்வாறு நீக்கலாம். நீரில் கலந்த நிறத்தை என்ன செய்வது?

வினைச்சாயம் முழுவதும் இழையில் ஒட்டுவதில்லை. ஒரு பகுதி நீருடனே வினைபுரிந்து வீணாகிறது. மேலும், நீரில் பருத்தியும் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். இதைத் தணிக்க, லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்புச் சேர்ப்பதுண்டு. அந்த உப்பு இழையில் ஒட்டுவதே இல்லை. முழுவதும் கழிவுநீரில் சேர்கிறது.

வெள்ளைப் பனியனுக்குப் பெயர்பெற்ற திருப்பூரில், 1980-களில் ஏற்றுமதி வளர வளர வண்ண ஆடைகளும் பெருகின. சாயப்பட்டறைகள் நொய்யல் கரையில் பெருகின. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் அந்த ஆறு நிறம் மாறியது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட அணை 1992-இல் நிறைவடைந்தது. அதில் தேங்கியதோ சாயக் கழிவுநீர். சுற்றுப்புறக் கிணறுகள் உவர்த்தன. பயிரைக் காக்க வந்த அணையே பயிருக்குப் பகையாயிற்று.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்தால் சாயம் திரண்டு சேறாக அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கண்ணுக்கு அது நல்ல நீரே. நாவில் வைத்தால்தான் உண்மை விளங்கும். நிறம் போயிற்று, உப்புப் போகவில்லை. உப்புக்கு நிறமில்லையே!

பாசன விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். ஒரு துளிக் கழிவுநீரும் ஆற்றில் விடப்படக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உத்தரவிட்டது. ஆற்றைக் காத்த அந்த ஆணையால் பட்டறைத் தொழிலாளர்கள் பலர் வேலையிழந்ததையும் மறக்கலாகாது.

உப்பைப் பிரிக்க உதவியது எதிர்ச் சவ்வூடு பரவல். நீரை அழுத்தத்துடன் சவ்வின் வழியே செலுத்தினால் நீர் கடந்துவிடும், உப்புப் பின்தங்கும். இதற்குப் பயன்படத்தக்க சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன். இரண்டாமவர் இந்தியாவில் பிறந்தவர். அவர்களுடைய சவ்வு செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனது. பனியனும் செல்லுலோஸ், உப்பைத் தடுத்த அந்தச் சவ்வும் செல்லுலோசிலிருந்து வந்ததே! இன்று பெரும்பாலும் பாலிஅமைடு சவ்வுகள் பயன்படுகின்றன.

இப்படிக் கிடைக்கும் நீர் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கிறது. எஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி, உப்பின் ஒரு பகுதியையும் திரும்பப் பெறுகிறார்கள். இதற்கு மிகுந்த எரிபொருள் செலவாகிறது. பயன்படாத கலவை உப்பும் சேறும் இன்னும் தீராத சுமையே.

நீக்கப்பட்ட எதுவும் இல்லாமற் போவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. அடுத்த முறை வண்ணப் பனியன் ஒன்றை வாங்கும்போது, "இது சாயம் போகுமா?" என்று கடைக்காரரைக் கேட்பீர்கள். கூடவே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: இதில் ஒட்டாத சாயம் எங்கே போயிற்று?