தேடுபொறி

'பொறி'க்கு எத்தனை முகம்! ஐம்பொறி, தீப்பொறி, எலிப்பொறி, இயந்திரம். அடையாளம், முத்திரை என்றும் பொருள் உண்டு, சோழருக்குப் புலிப்பொறி. அந்தக் கணக்கில் பனியன் கழுத்தில் தைக்கும் லேபிளும் பொறிதான். 'தேடுபொறி'யில் இருப்பது என்னவோ இயந்திரம். எனக்கு, பதித்தல் என்று பொருள்படும் 'பொறித்தல்'தான் பிடித்திருக்கிறது.

திருப்பூர் காதர்பேட்டையில் இணையதளம் திறந்த மறுநாளே, "ஏனுங்க, கூகுள்ல நம்ம கம்பெனி வரலீங்களே?" என்பார்கள். கூகுளின் தவழ்நிரல் (தளம் தளமாகப் போய்ப் படிக்கும் நிரல்) பக்கத்தைப் படித்துத் தன் அட்டவணையில் பொறித்தால்தான் வரும். கூகுளின் சர்ச் கன்சோலில் தளவரைபடம் (சைட்மேப்) கொடுக்கலாம். சீக்கிரம் கண்ணில் படலாம், உறுதி கிடையாது. தளம் கட்டும்போது ரோபோட்ஸ் கோப்பில் போட்ட, 'உள்ளே வராதே' என்னும் 'டிஸ்அலோ' வரியை எடுக்க மறந்திருந்தால் நிரல் வாசலோடு திரும்பிவிடும்.

இன்னொன்று: வெளிநாட்டுக்காரர் தேடுவது 'டி-ஷர்ட்', நம் பக்கத்தில் 'பனியன்' மட்டும் இருக்கும்.