தேரைக்குப் பெயர் தேடிய வரலாறு

ஐப்பசி மழை புத்தளத்துக் கரையோரத்தில் இறங்கும் அந்தி வேளையிலே, மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலைக் கிராமத்தின் தென்னந்தோட்டங்களில் ஓர் ஒலி எழும். காய்ந்த பலகையை விரலால் விட்டுவிட்டுத் தட்டுவது போன்ற ஒலி அது. கிணற்றடித் தொட்டியிலிருந்தும், பள்ளிவாசல் ஹவ்ளின் ஓரத்திலிருந்தும், வாழை மடலின் இடுக்கிலிருந்தும் அது மாறிமாறிக் கேட்கும். விளக்கேற்றியதும் அவ்வொலிக்குரிய பிராணி சுவரில் ஏறி, வெளிச்சத்தை நாடி வரும் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். அதனைத் தேரை என்று தமிழ் மக்கள் அழைப்பர்.

தேரையைப் போலத் தமிழர் பேச்சிலே இடம்பெற்ற சிற்றுயிர்கள் சிலவே. இறைவன் எவ்வுயிரையும் கைவிடான் என்பதற்குக் கல்லினுள் வாழும் தேரையைச் சான்று காட்டுவர். சித்த மருத்துவ மரபிலே தேரையர் என்ற பெயர் பெற்ற பெரியார் ஒருவர் உண்டு. உடைத்த தேங்காயில் பருப்பின்றி வெறுஞ் சிரட்டையே காணப்பட்டால், தேரை மோந்த காய் என்று கூறி எறிந்துவிடுவர். காரணம் தெரியாமல் மெலியும் குழந்தையையும் தேரை தொட்டது என்பர்.

தென்னையை நம்பி வாழும் புத்தளப் பகுதியிலே இந்தப் பழி இலேசானதன்று. ஆயினும் அது வீண்பழியாகும். மகரந்தச் சேர்க்கை செவ்வனே நிகழாமையும், மண்ணிற் சத்துக் குறைதலும் தேங்காய் வெறுங்காயாவதற்குரிய காரணங்கள். 1997ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கற்பிட்டிப் பகுதியிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தென்னைச் சிற்றுண்ணி, கண்ணுக்குப் புலப்படாத அளவினதாயிருந்தும், காய்களை வடுப்படுத்திச் சிறுக்கச் செய்தது. தேரைக்கும் இவற்றுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இரவிலே தென்னையில் ஏறியிருந்தமையே அது செய்த குற்றம்.

வெளித்தோற்றத்தைக் கண்டு தீர்ப்புக் கூறியவர் தோட்டக்காரர் மட்டுமல்லர். கற்றறிந்த விலங்கியலாரும் இதே தேரையின் குலத்தை அறிவதில் நெடுங்காலம் இடறினர். அந்தத் தடுமாற்றத்தின் வரலாறு சுவை மிக்கது. அதன் முடிவிலே துயரமும் உண்டு.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் உயிரினங்களை வகைப்படுத்தியபொழுது, தவளை, தேரை யாவற்றையும் ‘ரானா’ என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1768இல், லொரெண்டி என்பார், விரல் நுனியில் வட்டத் தட்டுடைய மரவாழ் தவளைகளைப் பிரித்து ‘ஹைலா’ என்ற பேரினத்தில் அமைத்தார். ஆகவே 1830ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிஞர் ஜோன் எட்வர்ட் கிரே, வங்காளத்திலிருந்து கிடைத்த ஒரு மரத் தேரைக்குப் பெயரிட நேர்ந்தபொழுது, விரல் நுனித் தட்டைப் பார்த்து ‘ஹைலா மக்குலாட்டா’ என்று பெயரிட்டார். புள்ளியுடைய ஹைலா என்பது அதன் பொருள். கனமூலைச் சுவர்களில் ஏறும் தேரையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

அதன் உடலமைப்பை இங்கே சிறிது நோக்குதல் தகும். பெண் தேரை ஏழெட்டுச் சதமமீற்றர் வரை வளரும். ஆண் அதனிலும் சிறியது. உடல் மெலிந்தது, கால்கள் நீண்டவை, கண்கள் பெரியவை. முதுகின் நிறம் நிலையானதன்று. பகலிலே வெளிறிச் சுண்ணாம்புச் சுவரோடு ஒன்றும், இரவிலே பழுப்பாகும். முன்காலின் விரல்களுக்கிடையே தோற்சவ்வு இல்லையென்றே கூறலாம். பின்கால் விரல்களுக்கிடையே அது நன்கு அமைந்துள்ளது. தொடையின் பின்புறத்தைப் பார்த்தால், கருமையான பின்னலிடையே மஞ்சள் நிற வட்டப் புள்ளிகள் தெரியும்.  விரல் நுனியின் தட்டும், இறுதி இரு எலும்புகளுக்கிடையே அமைந்த சிறு குருத்தெலும்பும் சுவரையும் இலையையும் பற்றி நிற்க உதவுகின்றன. அக்குருத்தெலும்பு உள்ளமையால், விரல் எத்திசையில் வளைந்தாலும் தட்டுப் பரப்பில் ஒட்டியே இருக்கும்.

இத்தனை அடையாளங்களுள்ளும் குலத்தைக் காட்டும் அடையாளம் எது என்பதே வினா. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கோப் 1865இல் அதற்குப் புதியதொரு விடை தந்தார். அவர் விரலை விட்டு மார்பெலும்பை நோக்கினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழும் ஹைலாக்களில் தோள்வளையத்தின் இரு பாதிகளும் மார்பின் நடுவே ஒன்றன்மேலொன்று படிந்து அசையக்கூடியனவாய் இருக்கின்றன. கீழைத்தேய மரத் தேரைகளிலோ அவை நடுக்கோட்டில் இறுகப் பொருந்தியுள்ளன. குளத்துத் தவளையிலும் அவ்வமைப்பே உண்டு. எனவே விரலைப் பார்த்தால் ஹைலாவின் உறவு. மார்பைப் பார்த்தால் ரானாவின் உறவு. திமிங்கிலம் மீனைப் போல நீந்துவதால் மீனாகிவிடாது. அதுபோல, மரமேறும் வாழ்வே வேறுவேறு குலத்து உயிர்களுக்கு ஒத்த விரல்களை அளித்தது என்பது தெளிவாயிற்று. ஹைலாக் குடும்பத்துத் தவளை ஒன்றேனும் இலங்கைத் தீவிற்கு உரியதன்று.

பிரித்தானிய நூதனசாலையின் தவளைகளைப் பட்டியலிட்ட பூலஞ்சர் 1882இல் இம்மரத் தேரைகளைக் குளத்துத் தவளைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்தார். 1822இல் யாவாத் தீவின் தேரையொன்றுக்கு இடப்பட்ட ‘ராக்கோஃபோரஸ்’ என்னும் பேரினப் பெயரை அவற்றுக்கு வழங்கினார். பின்னர் அப்பெயரால் ராக்கோஃபோரிடே என்றொரு தனிக் குடும்பம் வகுக்கப்பட்டது. எனினும் அதனை ஏற்பதா மறுப்பதா என்ற வாதம் 2005ஆம் ஆண்டு வரையிலுமே ஓயவில்லை. கனமூலைத் தேரையின் இன்றைய பெயர் ‘பொலிபெடேட்டஸ் மக்குலேட்டஸ்’ என்பது. பேரினப் பெயர் மாறியும் புள்ளி மட்டும் மாறவில்லை.

இலங்கைத் தீவிலே இவ்வாராய்ச்சியைத் தொடக்கியவருள் முதன்மையானவர் எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட். 1819இல் இந்நாட்டிலே பிறந்த அவர், இராணுவ வைத்தியராகப் பணியாற்றிக்கொண்டே விலங்குகளை ஆராய்ந்தார். மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிகளைப் பற்றியும் ஆய்வு செய்தார். 1850களின் தொடக்கத்தில் மலைநாட்டுத் தவளைகள் பலவற்றுக்குப் பெயரிட்டார். அக்காலத்திலேயே, 1852இல், கல்கத்தாவிலிருந்த எட்வர்ட் பிளைத் இத்தீவுக்கே உரிய பெரிய மரத் தேரை ஒன்றை ‘குரூசிகர்’ எனப் பெயரிட்டு விவரித்தார். அதன் முதுகிலே உடுக்கை வடிவான கோலம் உண்டு. தலையின் தோல் மண்டையோட்டுடன் ஒட்டியுள்ளது. கனமூலைத் தேரையில் அத்தோல் எலும்பை விட்டு விலகியே இருக்கும். அருகருகே வாழும் இரு தேரைகளைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளம் பெரிதும் உதவும்.

உருவத்தின் பின் வாழ்க்கை முறை கருத்துக்கு எடுக்கப்பட்டது. கனமூலைத் தேரை முட்டையிடும்பொழுது, தன்னிடமிருந்து வழியும் திரவத்தைப் பின்கால்களால் அடித்து நுரையாக்குகின்றது. தொட்டியின் விளிம்பிலோ, நீர்மேற் கவிந்த கிளையிலோ அந்த நுரைக்கூடு ஒட்டியிருக்கும். மேற்புறம் உலர்ந்தாலும் உள்ளே ஈரம் காக்கும் அக்கூட்டிலிருந்து சில நாட்களில் வாற்பேத்தைகள் கீழுள்ள நீரில் விழும். மழை தவறும் உலர்வலயத்திலே இஃது ஓர் அருமையான ஏற்பாடு.

மலைக்காட்டுச் சிறு தேரைகளோ இவ்வழியைப் பின்பற்றுவன அல்ல. பேராசிரியர் கீர்த்திசிங்க 1946ஆம் ஆண்டில், நிலத்திலேயே வளர்ச்சி முற்றுப்பெறும் ஒரு தேரை இலங்கையில் உண்டென எடுத்துக்காட்டினார். இக்கூட்டத்தாருட் பெரும்பாலானவற்றில் தாய் ஈரமண்ணைச் சிறிது தோண்டி முட்டையிட்டு மண்ணோடு கலந்துவிடும். சில இலையின் அடியில் ஒட்டிவைக்கும். வாற்பேத்தையாக நீந்தும் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தேரைக் குஞ்சாகவே வெளிவரும். நீர்நிலை வேண்டாத இவற்றுக்கு ஈரமான நிழற்காடு இன்றியமையாதது.

1990களில் இலங்கை ஆய்வாளர் மலைக்காடுகளை இரவுதோறும் துருவத் தொடங்கினர். ஒத்த உருவமுடையவை போன்று தோன்றியவற்றைக் குரலாலும், தோலின் பருக்களாலும், மரபணுவாலும் ஒப்பிட்டனர். 2005ஆம் ஆண்டில் கேலும் மனமேந்திர ஆராச்சியும் ரொகான் பெத்தியாகொடவும் 27 புதிய இனங்களை விவரித்தனர். அதே ஆண்டில் மாதவ மீகஸ்கும்புரவும் மனமேந்திர ஆராச்சியும் மேலும் 8 இனங்களைச் சேர்த்தனர். 1943இல் இடப்பட்டு வழக்கொழிந்து கிடந்த ‘சூடோஃபிலாட்டஸ்’ என்னும் பெயர் 2009இல் இக்கூட்டத்துக்கு மீண்டும் வழங்கப்பட்டது. இன்று எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் அதன்கீழ் இத்தீவிலே அறியப்பட்டுள்ளன. நுரைக்கூடு கட்டும் தேரைகளுள் மூன்று, வாற்பேத்தையின் அமைப்பிலும், கழிவாயைச் சூழ்ந்த கூம்புப் பருக்களாலும் வேறுபட்டிருத்தல் கண்டு, 2010இல் ‘தருகா’ என்ற புதிய பேரினமாக்கப்பட்டன. தரு என்றால் மரம் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வெற்றியின் நடுவே ஓர் இழப்பும் வெளிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்து ஐரோப்பிய நூதனசாலைகளின் கண்ணாடிச் சாடிகளில் வைத்திருந்த தேரைகளை இன்றைய காட்டுத் தேரைகளுடன் ஒப்பிட்டபொழுது, பலவற்றுக்கு உயிருள்ள இணை கிடைக்கவில்லை. அவ்வாறு மறைந்த இனங்கள் 17 என்று 2005ஆம் ஆண்டின் ஆய்வு கணக்கிட்டது. பழைய சாடிகளில் வேறு பெயரோடு கிடந்த இரு இனங்கள் 2007இல் தனியினங்களென உணரப்பட்டன. அவையும் அழிந்தனவே என்று அதே கட்டுரையில் எழுத நேர்ந்தது. பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒரே தாளில் அமைந்தன.

அச்சாடிகள் நிரப்பப்பட்ட காலமே மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி வீழ்ந்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்ட காலம். குளத்தையோ தொட்டியையோ நாடாமல் நிழலையே நம்பி வாழ்ந்த தேரைக்கு, நிழல் போன மலையிலே வேறு புகலிடம் இருக்கவில்லை. எத்தனை இனங்கள் உண்டென்று எண்ணியறியாதவர் எத்தனை போயின என்பதையும் எண்ணவில்லை. வகைப்படுத்தல் என்பது பெயர்ப்பலகை ஒட்டும் வேலை என்று எளிதாக எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

ஆறுதலுக்கும் ஓர் இடமுண்டு. கெலார்ட் 1853இல் பெயரிட்ட ‘ஸ்டெல்லேட்டஸ்’ என்னும் விண்மீன் புள்ளித் தேரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்து, 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டிலே உயிருடன் காணப்பட்டது. இழந்ததென்ற கருத்து திருத்தப்பட்டது. பழைய பெயரும் விவரணமும் இருந்தமையால், கிடைத்தது எதுவென அறிய முடிந்தது.

கனமூலைத் தேரைக்கு அத்தகைய ஆபத்து நேரவில்லை. மனிதனின் கூரையையும் தொட்டியையும் அது தனக்குரிய காடாக்கிக்கொண்டது. பழியைச் சுமந்தபடியே தோட்டத்துப் பூச்சிகளைத் தின்று வருகின்றது. இனி ஒரு மழைநாளிலே சுவரில் ஒட்டிய தேரையைக் கண்டு, அதனை ஓட்ட விளக்குமாறு தேடும் பிள்ளையைப் பெரியோர் சற்றுத் தடுத்து நிறுத்துதல் நன்று. அதன் விரல் நுனியையும், தொடையின் மஞ்சள் புள்ளியையும் அப்பிள்ளைக்குக் காட்டலாம். வெறுங்காய்க்கு அது காரணமன்று என்பதையும் சொல்லலாம். உயிரொன்றைக் கூர்ந்து பார்த்து அதற்குரிய பெயரை அறிதல், அதனைக் காப்பதற்கு முதற்படியாகும்.