ஹெவிவெயிட்டில் நம்மாளு யாரு?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. க்ளோசிங், ஆடிட், அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன்னு மூச்சு விட நேரமில்லை. இப்ப எழுத உட்கார்ந்ததுக்கு காரணம் ஒரு சண்டை. கைகலப்பு இல்லீங்க, வாய்ச்சண்டைதான். சமாச்சாரம் மட்டும் குத்துச்சண்டை :-)

நவம்பர் மாசம் கேம்ப்ல இருக்கற எந்த பேங்க்குக்குப் போனாலும் கூட்டம் அலைமோதும். சதர்ன் கமாண்ட் பக்கத்துலயே இருக்கறதால பென்ஷன் வாங்கற பழைய பட்டாளத்துக்காரங்க இங்கே ரொம்ப அதிகம். எல்லாரும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவாங்க. அப்படி வருஷா வருஷம் வர்றவர்தான் வேலூர் பக்கத்து சுபேதார் ஐயா. பட்டாளத்தோட வந்தவர், ரிடையர் ஆகியும் இந்த ஊரை விட்டுப் போகலை. இந்த தடவை அவர் கட்டைவிரலை மெஷின் எடுத்துக்கவே மாட்டேங்குது. நாலு தடவை துடைச்சு துடைச்சு வெச்சுப் பார்த்தாச்சு.

அன்னிக்கு சனிக்கிழமை. ஆபீஸ் முடிஞ்சதும் கயானில பிஸ்கட் வாங்கலாம்னு பையன் வந்து காத்திட்டிருந்தான். ப்ளஸ் டூ படிக்கறான். சும்மா இருக்கானா? போன்ல எதையோ பார்த்துட்டு, "அப்பா, உசிக்கை ஆல் டைம் லிஸ்ட்ல எத்தனாவது இடத்துல வைப்பீங்க?"ன்னு கேட்டான்.

உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல தங்கம். 2024 மே மாசம் ரியாத்ல டைசன் ஃப்யூரியை ஜெயிச்சு ஹெவிவெயிட்டின் எல்லா பெல்ட்டையும் ஒண்ணா சேர்த்தவர். 1999ல லென்னாக்ஸ் லூயிஸ் செஞ்சதுக்கு அப்புறம் யாரும் செய்யாத காரியம். அலி, ஃப்ரேசர், ஃபோர்மேன் பக்கத்துல இவரை வைக்கலாமான்னு பையன் கேள்வி.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஐயா திரும்பிப் பார்த்தார். "உசிக்கு கிசிக்கு எல்லாம் இருக்கட்டும் தம்பி. ஹவா சிங் தெரியுமா உனக்கு?"

பையனுக்குத் தெரியலை. உண்மையைச் சொன்னா எனக்கும் பேர் மட்டும்தான் தெரியும். மெட்ராஸ்ல வளர்ந்தவனுக்கு குத்துச்சண்டைன்னா முகமது அலிதான். 1980ல அவர் மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடின கதையை எங்கப்பா சொல்லாத தீபாவளி கிடையாது. 'சார்பட்டா' வந்தப்புறம் வடசென்னை பரம்பரை கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஆனா இந்தியாவோட சொந்த ஹெவிவெயிட்காரங்களைப் பத்தி நம்மள்ல எத்தனை பேர் யோசிச்சிருக்கோம்?

விரல் ஒருவழியா பதிஞ்சுது. மூணு பேரும் ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்து இரானி சாய் குடிக்க உட்கார்ந்தோம். அங்கேதான் லிஸ்ட் போட ஆரம்பிச்சோம். இந்தியாவோட ஆகச் சிறந்த ஹெவிவெயிட் யாரு? மூணு பேர்தான் தேறினாங்க. மூணு பேருமே பட்டாளத்துக்காரங்க. (ஐயா முகத்துல பெருமை பார்க்கணுமே!)

முதல்ல ஹவா சிங். ஹரியானாக்காரர். 1956ல பட்டாளத்துல சேர்ந்தார். 1961லேர்ந்து 1972 வரைக்கும் தேசிய ஹெவிவெயிட் பட்டத்தை வேற யாருக்கும் விட்டுக்கொடுக்கலை. 1966, 1970 ரெண்டு ஆசிய விளையாட்டுலயும் தங்கம். ரெண்டுமே பாங்காக்ல. முதல் தடவை ஃபைனல்ல பாகிஸ்தான்காரரையும், ரெண்டாவது தடவை இரான்காரரையும் ஜெயிச்சார்.

"அப்போ ஒலிம்பிக்ஸ்ல?"ன்னு பையன் கேட்டான். போகவே இல்லைன்னார் ஐயா. "தோத்துட்டாரா?" "இல்லப்பா, அனுப்பவே இல்ல."

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இதைத் தேடித்தேடிப் படிச்சேன். 1952 ஹெல்சிங்கிக்கு அப்புறம் 1972 ம்யூனிக் வரைக்கும் எந்த ஒலிம்பிக்ஸுக்கும் இந்தியா ஒரு குத்துச்சண்டை வீரரைக்கூட அனுப்பலை. ஹவா சிங்கோட பொற்காலம் முழுக்க அந்த இடைவெளிக்குள்ள போயிடுச்சு. 1964 டோக்கியோல ஹெவிவெயிட் தங்கம் யாருக்குன்னு பாருங்க, ஜோ ஃப்ரேசர். 1968 மெக்சிகோல ஜார்ஜ் ஃபோர்மேன். 1972ல ம்யூனிக் போன மூணு பேர்ல ஹவா சிங் இல்லை. (அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் சந்தர் நாராயணன், முனுசாமி வேணு. பேரைப் பார்த்தாலே நம்மாளுங்க வாசம் அடிக்குதில்ல?)

ஃப்ரேசர் கதையே ஒரு வேடிக்கை. 1964 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில பஸ்டர் மாதிஸ்கிட்ட தோத்துட்டார். மாதிஸ் காயப்பட்டதால ஃப்ரேசருக்கு சீட்டு கிடைச்சுது. போய் தங்கத்தோட வந்தார். தோத்தவருக்கு அங்கே ஒரு சீட்டு இருந்துது. இங்கே பன்னெண்டு வருஷம் தோக்காதவருக்கு விமானமே இல்லை. ஹவா சிங் அங்கே போயிருந்தா ஃப்ரேசரை ஜெயிச்சிருப்பாரான்னா, அநேகமா இல்லைன்னுதான் நானே சொல்வேன். ஆனா தோத்திருந்தாலும் அது வரவு செலவுல ஒரு என்ட்ரிதானே. இப்ப அந்தப் பக்கமே காலியா கிடக்கு. நாம அந்தக் காலியைப் பூஜ்யம்னு படிக்கறோம். எந்த ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டார்.

ரெண்டாவது கௌர் சிங். பஞ்சாப், சங்ரூர் மாவட்டம். 1971ல பட்டாளம், அந்த வருஷப் போர்லயும் இருந்தார். க்ளவுஸ் மாட்டினது 1977ல, இருபத்தெட்டு இருபத்தொன்பது வயசுல. மத்தவன் ரிடையர்மென்ட் பத்தி யோசிக்கற வயசு! 1980ல பம்பாய்ல ஆசிய சாம்பியன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல தங்கம். அதுக்கப்புறம் 1998ல டிங்கோ சிங் வர்ற வரைக்கும் ஆசிய விளையாட்டு குத்துச்சண்டையில எந்த எடையிலயும் நமக்குத் தங்கம் கிடையாது. 1980 ஜனவரியில டெல்லியில முகமது அலியோட நாலு ரவுண்டு காட்சிப் போட்டி ஆடினவரும் இவர்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸுக்கும் போனார்.

இவரைப் பத்திச் சொல்லும்போது ஐயா குரல் மாறிடுச்சு. 1982 தங்கத்துக்கு பஞ்சாப் அரசு 1 லட்ச ரூபாய் அறிவிச்சுது. வரலை. 2017ல இதய சிகிச்சைக்காக அவர் தனியார்கிட்ட 2 லட்சம் கடன் வாங்கியிருந்த விஷயம் பேப்பர்ல வந்துது. அதுக்கப்புறம்தான் ராணுவம் 3 லட்சம், மத்திய அரசு 5 லட்சம்னு கொடுத்தாங்க. 2023 ஏப்ரல்ல காலமானார். தொழில் புத்தி விடுதா? நாப்கின்ல கணக்கு போட்டேன். 1 லட்சம், 35 வருஷம், சராசரி 8 சதவீதம் வருஷக் கூட்டு வட்டின்னு வெச்சா பதினாலே முக்கால் லட்சத்துக்கு மேல வருது. ஐயா அந்த நாப்கினை ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தார்.

மூணாவது, இந்தக் காலத்து ஆள், சதீஷ் குமார். உத்தரப்பிரதேசம், புலந்த்சஹர். 2014 ஆசிய விளையாட்டுல வெண்கலம், 2018 காமன்வெல்த்ல வெள்ளி. ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய சூப்பர் ஹெவிவெயிட். 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஜமைக்காவோட ரிக்கார்டோ ப்ரௌனை ஜெயிச்சப்போ முகம் கிழிஞ்சு 13 தையல். அதோடவே கால் இறுதியில உஸ்பெகிஸ்தானோட ஜலோலொவ் முன்னாடி போய் நின்னார். 5-0ன்னு தோத்தார். அந்த ஜலோலொவ் டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் தங்கம் வாங்கினவர்.

என் முதல் லிஸ்ட்டு இதே வரிசைதான். தங்கம் ரெண்டு, தங்கம் ஒண்ணு, வெண்கலம். ஈசி. அப்பதான் பையன் ஒரு கேள்வியைப் போட்டான். "அப்பா, 1966லயும் 1982லயும் உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் எல்லாம் எங்கே இருந்துச்சு?"

சோவியத் யூனியனுக்குள்ள இருந்துது. ஆசிய விளையாட்டுக்கு அவங்க வந்தது 1994லதான். இப்ப உலகத்துலயே பலமான பெரிய எடைக்காரங்க அங்கேதான் இருக்காங்க. 2014ல சதீஷ் எடையில தங்கம் போனது ஒலிம்பிக் பதக்கம் வாங்கின கஜகஸ்தானோட இவான் டிச்கோவுக்கு. அதாவது 1982ல தங்கத்துக்கு மேல ஒரு கதவே இல்லை, 2014ல வெண்கலத்துக்கு மேல ரெண்டு பூட்டு. அது மட்டுமில்ல, ஹவா சிங் காலத்துல 81 கிலோவுக்கு மேல எல்லாரும் ஒரே பிரிவு. 1984 ஒலிம்பிக்ஸ்லேர்ந்து 91 கிலோவுல ஒரு கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. சதீஷ் அந்தக் கோட்டுக்கு மேல, யானைங்க நடுவுல நின்னவர்.

யோசிச்சு யோசிச்சு லிஸ்ட்டை மாத்தினேன். ஒண்ணு ஹவா சிங். பன்னெண்டு வருஷம் அசையாம நின்னது, ரெண்டு தங்கமும் வெளிநாட்டு மண்ணுல. அதோட, ரிடையர் ஆகி பிவானிக்குப் போய் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2008 பெய்ஜிங் போன அஞ்சு இந்திய வீரர்கள்ல நாலு பேர் அந்த ஊர்க்காரங்கன்னா பார்த்துக்குங்க. துரோணாச்சார்யா விருது அறிவிச்சு, கைக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, 2000 ஆகஸ்ட்ல இறந்துட்டார். ரெண்டாவது இடம் சதீஷ் குமார். கௌர் சிங் மூணாவது. அவரோட ரெண்டு பெரிய தங்கமும் நம்ம மண்ணுல வந்தது, எதிரிங்களும் குறைவு. அந்த 1 லட்சம் எனக்கும் நெஞ்சுல குத்துது. ஆனா பரிதாபத்தை மார்க்கா போட முடியாதே.

போன வாரம் ஐயா பாஸ்புக் என்ட்ரி போட வந்தப்போ லிஸ்ட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு படிச்சார். ஒண்ணும் பேசலை. கவுன்ட்டர்ல நூல் கட்டி வெச்சிருக்கற பேனாவை இழுத்து, 2ஐ அடிச்சு 3ன்னும், 3ஐ அடிச்சு 2ன்னும் எழுதினார். பக்கத்துல கையெழுத்து வேற, திருத்தத்துக்குப் போடற மாதிரி சுருக்கமா.

"இருபத்தொன்பது வயசுல ஆரம்பிச்சவன், தம்பி. உன் பையனை அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வா. அவங்கிட்ட பேசணும்."