செல்லுலார் சிறையில் உடலும் மனமும்: 1912, 1933

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் உடல் தானே வழிக்கு வரும் என்னும் அறிவுரை இன்று நலவாழ்வு நூல்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் பரவலாகக் கேட்கிறது. மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த உறவு எத்தகைய சூழலில், யாருடைய அதிகாரத்தின்கீழ் இயங்குகிறது என்ற வினாவை இவ்வறிவுரை எழுப்புவதில்லை. போர்ட் பிளேயர் செல்லுலார் சிறையின் வரலாறு அவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்குகிறது.

அந்தமான் தண்டனைக் குடியேற்றத்தை ஆராய்ந்த லயால், லெத்பிரிட்ஜ் ஆகிய இருவரும் 1890-இல், தீவுக்கு வரும் கைதிகளை முதற்கட்டத்தில் கடுந்தனிமையில் வைக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். இவர்களுள் லெத்பிரிட்ஜ் ஒரு மருத்துவர் என்பது கருதத்தக்கது. 1896-இல் தொடங்கி 1906-இல் நிறைவுற்ற சிறையில் நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் விரிந்தன. ஒவ்வொன்றும் மூன்று தளம் கொண்டது. ஏறத்தாழ 700 அறைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்குமாறு கட்டப்பட்டதால், கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காண வழியில்லை. பிலடெல்பியாவில் 1829-இல் தொடங்கிய தனிமைச்சிறை முறையின் தொலைதூர வாரிசு இது. அச்சிறையை 1842-இல் பார்வையிட்ட சார்லஸ் டிக்கன்ஸ், உடலில் தழும்பு விடாத சித்திரவதை என்பதாலேயே அதைக் கூடுதலாகக் கண்டித்தார். மனத்தின் வழியே மனிதனை முழுவதுமாகப் பணியவைக்கலாம் என்பது சிறை கட்டியோரின் கணக்கு. உடல்–மன உறவை அவர்கள் நன்கு அறிந்தே இருந்தனர்.

அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்ட பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத், இந்துபூஷண் ராய் முதலியோர் 1909-இன் இறுதியில் இங்கே கொண்டுவரப்பட்டனர். கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த வரலாறு தமிழர் அறிந்ததே. அதே செக்கு அந்தமானிலும் அரசியல் கைதிகளின் தோளில் ஏறியது. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும், குறைந்தால் தண்டனை. பகலில் உடலைப் பிழிவது செக்கு; இரவில் மனத்தைப் பிழிவது அறை.

1912 ஏப்ரலில் இந்துபூஷண் தம் அறையில் தூக்கிட்டு உயிர் துறந்தார். அதே ஆண்டு ஜூனில் வேலை செய்ய மறுத்த உல்லாஸ்கர், நின்ற நிலையில் கைவிலங்கிட்டுப் பூட்டப்பட்டார். கடுங்காய்ச்சல் கண்டது, அதைத் தொடர்ந்து சித்தம் கலங்கியது. தீவின் மனநோய் விடுதியில் வைக்கப்பட்ட அவர் பின்னர்ச் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மகனின் நிலையறியத் தந்தை மீண்டும் மீண்டும் எழுதிய மடல்களுக்குக் கிடைத்த அதிகாரபூர்வ விளக்கம், மலேரியாவால் நேர்ந்த பித்து என்பதாகும்.

இவ்விளக்கம் நுட்பமானது. உடல் நோய் மனத்தைப் பாதிக்கும் என்பது மருத்துவ உண்மை, காய்ச்சலும் உண்மை. ஆனால் காய்ச்சலோடு விலங்கில் நின்ற மனிதரைப் பற்றி அது பேசவில்லை. காரணத்தைக் கைதியின் உடலுக்குள் அடைத்துவிட்டால் சிறை நிரபராதியாகிவிடும். உல்லாஸ்கர் மனவலிமை குன்றியவர் என எவரும் கூற இயலாது. தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக் கலங்காமல் எதிர்கொண்டவர் அவர். 1920-இல் விடுதலையாகி, தம் சிறைவாழ்வை நூலாக எழுதி, 1965 வரை வாழ்ந்தார்.

அரசியல் கைதிகளைத் தீவுக்கு அனுப்புவது 1920-களில் நிறுத்தப்பட்டு 1932-இல் மீண்டும் தொடங்கியது. 1933 மே 12-இல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். வலிந்து உணவூட்டும் முயற்சியில் மகாவீர் சிங்கின் நுரையீரலில் பால் புகுந்தது. அவர் மே 17-இல் இறந்தார். அம்மாதமே மோகன் கிஷோர் நாமதாஸும் மோஹித் மொய்த்ராவும் மாண்டனர். 46 நாள்களுக்குப்பின், ஜூன் 26-இல் நோன்பு முடிந்தது. கிடைத்தவை: உண்ணத்தக்க உணவு, சோப்பு, படுக்கை, அறையில் விளக்கு, படிக்கவும் ஒருவரோடொருவர் பேசவும் உரிமை. உடலின் தேவையையும் மனத்தின் தேவையையும் பிரிக்காத பட்டியல் இது.

இதன்பின் சிறைக்குள் படிப்பு வட்டங்கள் உருவாயின. 1935-இல் பொதுவுடைமைக் குழு ஒன்றும் அமைந்தது. 1937 ஜூலையில் தொடங்கிய இரண்டாம் உண்ணாநோன்பின் விளைவாக, 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாயகம் திரும்பினர்.

இரண்டு காலகட்டங்களையும் ஒப்பிடும்போது 1933-இன் கைதிகள் 1912-இன் கைதிகளைவிட மனத்திட்பம் மிக்கோர் என்ற முடிவுக்கு வர இயலாது. முன்னோரும் வேலைநிறுத்தமும் உண்ணாநோன்பும் மேற்கொண்டவர்களே. பின்னோர் எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர். நிலப்பகுதியில் அவர்களுக்காகக் குரல் எழுப்பும் பொதுமக்கள் கருத்தும் வலுத்திருந்தது. உண்ணாநோன்பை உடலை வென்ற மனத்தின் சாதனையாக மட்டும் புகழ்வதும் பிழையே. மூன்று உடல்கள் அதற்கு விலையாயின.

உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோயை விளங்கிக்கொள்ள வேண்டும் என 1977-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் முன்மொழிந்தார். அவற்றுள் மூன்றாவதை மறந்த நலவாழ்வுப் பேச்சு, உல்லாஸ்கரின் தந்தைக்கு அனுப்பப்பட்ட மடலின் தர்க்கத்தையே, அறியாமல், திரும்பச் சொல்கிறது. அந்தமானில் கைதிகளின் நலத்தில் நிலைத்த மாற்றம் வந்தது மூச்சையோ எண்ணத்தையோ ஒருவர் தனித்து அடக்கியதால் அன்று. அறைக்குள் விளக்கும், விளக்கின்கீழ் நூலும், நூலைப் பற்றிப் பேசத் தோழரும் வந்து சேர்ந்ததால்.